கரையில் சொன்ன ஜெபமாலை

பிப்ரவரி 11, ஞாயிறு. லூர்து மாதா திருநாள்

மத்தியானச் சாப்பாட்டுக்கு இருந்தவர்கள்: வீட்டுக்காரர், நான், மகள் பிலோமி, கொழுந்தன் மனைவி ரொசாரி. நான்கு பேர். வர வேண்டியிருந்து வராதவர் ஒருவர், கொழுந்தன் கஸ்மீர்.

ரொசாரி பின்வாசல் வழியாக வந்து பின்வாசல் வழியாகவே போனாள். பொங்கல் கழிந்து அண்ணனும் தம்பியும் தொழில் பிரிந்ததிலிருந்து அவளுக்கு அதுதான் வழி. இன்ஜின் படகையும் பெரிய வலைகளையும் தம்பிக்கே விட்டுவிட்டு, துடுப்பு போடுகிற சின்ன வள்ளத்தையும் ஒரு நண்டு வலையையும் மட்டும் இவர் எடுத்துக்கொண்டார். தனியாகத்தான் போகிறார்.

“ஏங்க்கா, அத்தான் என்னதான் சொல்லுதாவ? நாங்க என்ன கொறை வச்சோம்? இவரு மோட்டுவளையையே பாத்துட்டுக் கெடக்காரு” என்று ரொசாரி சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

அவர் காதில் விழுந்தது. “சேந்து போனது போதும்” என்றார். அவ்வளவுதான்.

நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு ஜெபப் புத்தகத்தை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். அன்றிலிருந்து கடலிலிருந்து வந்தது, காற்று, நீவாடு என்கிற கடல் நீரோட்டம் போன பக்கம், சொன்ன ஜெபம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைக்கிறேன். தொழில் பிரிந்த காரணத்தை மட்டும் எழுத முடியவில்லை. தெரியாது.

சாயங்காலம், கடலில் வலை கிடக்கிற இடத்தைக் காட்டுகிற வலைக்கொடிக்கு நல்ல எடுப்பான துணி வேண்டும் என்றார். சிவப்புக் கொடி வெளுத்துவிட்டதாம். எடுத்துப் பார்த்தேன், வெளுக்கவில்லை. இருந்தாலும் கோயிலுக்குப் போய்க் கேட்டேன். மாதா சப்பரத்துக்குக் கட்டின ரோஸ் நிறத் துணியை, கேட்டவர்களுக்கெல்லாம் கோயில்பிள்ளை கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு முழம் கிடைத்தது. மந்திரித்த துணி. தைத்துக் கொடுத்தேன்.

பிப்ரவரி 12, திங்கள்

இன்று ஒரு சந்தோஷம்.

“நாளையிலருந்து வெடியக்காலம் தூண்டில் வளைவு முனையில நின்னு ஜெபமால சொல்லுளா. சத்தமாச் சொல்லணும். முணுமுணுக்கக் கூடாது” என்றார்.

“ஏம்ப்பா, மாதாவுக்குக் காது கேக்காதா?” என்றாள் பிலோமி.

“ஒங்கம்மா சத்தத்துக்கு நண்டு வரும்ல.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் இருபது வருஷத்தில் அவர் என்னிடம் ஜெபம் கேட்டது இதுதான் முதல் தடவை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கே பின்னால் நின்று ஓடிவருகிற மனிதர். தவக்காலம் பிறப்பதற்கு முன்பே மாதா மனசைத் திருப்பிவிட்டாள்.

பிப்ரவரி 14. திருநீற்றுப் புதன்

காலையில், கடலுக்குள் நீளக் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவின் மேல் நின்று மூன்று ஜெபமாலை சொன்னேன். தொண்டை கட்டிவிட்டது. வலை காயப்போடுகிறவர்கள் விடவில்லை. “செசீலியக்கா, மைக் செட்டு கட்டித் தாரமா?” என்றார்கள். “கட்டித் தா, ஒனக்கும் சேத்து வேண்டிக்கிடுதேன்” என்றேன்.

வள்ளம் நேராக என்னைப் பார்த்தே வந்தது. கல்லுக்கும் கரைக்கும் நடுவே உள்ள சின்ன வாசலில் நூல் பிடித்த மாதிரி நுழைந்தார். நண்டு மூன்றரை கிலோ. வாடைக்காற்று. ஒருசந்தி நோன்பு.

பிப்ரவரி 19, திங்கள்

வலையில் கிடந்த கெளுத்தியைத் தலையோடு சேர்த்துப் பிடித்துவிட்டார். முள் உள்ளங்கையில் ஏறிவிட்டது. பத்து வயதிலிருந்து கடலில் கிடக்கிறவர். கெளுத்தியை எங்கே பிடிக்க வேண்டும் என்று நாலு வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

கை வீங்கியிருக்கிறது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். நினைப்பு வேறெங்கோ இருந்ததாம்.

பிப்ரவரி 20, செவ்வாய்

நண்டு இரண்டு கிலோ. வாடை. ஜெபமாலை 4.

பிப்ரவரி 27, செவ்வாய்

எனக்குக் காய்ச்சல். ஜெபமாலைக்குப் போகவில்லை. படுத்துக்கொண்டே மனசுக்குள் சொன்னேன்.

வெயில் ஏறியும் அவர் வரவில்லை. பிலோமி பரீட்சைப் புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். தெற்கே ஒன்றரை மைல் தள்ளி, ஆள் இல்லாத பொட்டலில் கரை ஏறியிருக்கிறார். வள்ளத்தின் அடி பாறையில் உரசிக் கோடு விழுந்திருக்கிறது. முழங்காலில் ரத்தம்.

“நீவாடு தெக்க இழுத்துட்டு” என்றார்.

இன்று நீவாடு வடக்கே போனதாகப் பக்கத்து வீட்டில் கேட்டுக் காலையிலேயே எழுதிவிட்டேன். சொன்னவர் தப்பாகச் சொல்லியிருக்கலாம். எழுதியதை அடிக்கவில்லை. இரண்டையும் எழுதி வைக்கிறேன். நீவாடு வடக்கு. நீவாடு தெற்கு.

“காச்சலா இருந்தாலும் நாளைக்கி வந்துரு. ஜெபத்த விடக்கூடாது” என்றார்.

பிப்ரவரி 28

போனேன். ஜெபமாலை 5.

மார்ச் 1, வெள்ளி

சிலுவைப் பாதை. பதினான்கு தலத்துக்கும் பிலோமியின் தோளில் கை வைத்துக்கொண்டே நடந்தார். மகளைத் தொட்டுக்கொண்டு ஜெபிக்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. இவருக்குப் பக்தி கூடியிருக்கிறது என்று எழுதுகிறேன்.

மார்ச் 5, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. ஆனால் எழுதாமல் விட்ட நாள் இந்த நோட்டில் இல்லை.

கொண்டல் காற்று அடிக்க ஆரம்பித்துவிட்டது. மூன்றாவது ஜெபமாலை முடியும்போது வந்தார். வலை கொள்ளாத நண்டு. பிப்ரவரி முழுக்க ஒருநாளும் இப்படி வந்ததில்லை. “மாதாவே” என்று சொல்லிக்கொண்டு மணலில் உட்கார்ந்து இரண்டு பேரும் கழற்றினோம். அவர் கடலைப் பார்த்தபடியே விரலாலேயே வேகமாகக் கழற்றினார்.

நம் வலையின் மேல்கயிறு பச்சை. இது நீலம். கயிறு மாற்றியிருப்பார் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுதான் எழுத வேண்டும்.

கஸ்மீர் ஓடி வந்தார்.

“அண்ணே, இது யாரு வல?”

அவர் கை நின்றது. கயிற்றைத் தடவினார். தடவிக்கொண்டே போய் முடிச்சைப் பிடித்துப் பார்த்தார்.

“கேக்கேம்லா. யாரு வல இது?”

“ஒன் வலதான்.”

“தெரிஞ்சா எடுத்திய?”

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. எங்கள் கரையில் வலையைக் கடலில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கலாம். யாரும் தொடமாட்டார்கள். அந்த நம்பிக்கையில்தான் ஊரே தொழில் செய்கிறது. அதனால் அடுத்தவன் வலையைத் தொட்டவனை யாரும் மன்னிப்பதில்லை. கஸ்மீர் அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இல்லை என்று சொல்லமாட்டாரா என்று ஏங்குகிற மாதிரி இருந்தது.

“ஆமா. தெரிஞ்சுதான் எடுத்தேன். இப்ப என்னங்கெ?” என்றார் இவர்.

கஸ்மீர் வலையை, கொடிக்கம்போடு சேர்த்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனார். கழற்றிய நண்டையும் கூடையோடு தூக்கிக்கொண்டு போய் ரொசாரி வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தேன். கதவு திறக்கவில்லை.

நண்டு: ஒன்றுமில்லை.

மார்ச் 6, புதன்

பூசை முடிந்து கோயில் முற்றத்தில் ஊர்க்கூட்டம். ஆண்கள் உட்கார்ந்தார்கள். நான் மாதா சொரூபம் இருக்கிற கெபிச் சுவர் ஓரம் நின்றேன்.

தலைவர் மொராயிஸ் நல்ல மனுஷர். “வேய் இஞ்ஞாசி, இருட்டுல தெரியாம இழுத்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லும். இத்தோட முடிச்சிருவோம்” என்றார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டார்.

இவர் எழுந்தார். “எனக்கா தெரியாது? முப்பது வருசமாக் கடல்ல கெடக்கேன். எனக்குத் தெரியாதுன்னு எவம்ல சொல்லுதான்?”

“தெரியும்னா களவாணிப்பயன்னு அர்த்தம்வே.”

“அப்படியே வச்சிக்கிடும்.”

யாரோ பின்னாலிருந்து, “பாகம் பிரிஞ்ச கடுப்பு” என்றார்கள். கஸ்மீர் தலையைத் தூக்கவேயில்லை. ஈஸ்டர் வரைக்கும் கடலில் இறங்கக்கூடாது என்று தீர்ப்பு. பெரிய வியாழன் அன்று பாதம் கழுவுகிற பன்னிரண்டு பேரில் இவர் பெயர் இருந்தது. அதையும் அடித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வரும்போது வாசல்படியில் தட்டி விழப் பார்த்தார். கையைப் பிடித்தேன். உதறிவிட்டார்.

மார்ச் 7, வியாழன்

அவர் வீட்டில் இருந்தார். நான் ஏழு மணிவரை தூங்கினேன். ஜனவரிக்குப் பிறகு இப்படித் தூங்கியது இன்றுதான். இதற்காகவும் மாதாவுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். சொல்லியிருக்கக் கூடாது.

மார்ச் 9, சனி

கடலில் நின்ற எங்கள் வலையை யாரோ நல்லவர்கள் எடுத்து வந்து வலைக்கொட்டகையில் போட்டிருந்தார்கள். எடுக்கப் போனேன். பக்கத்திலேயே கஸ்மீர் வலை. அதன் கொடிக்கம்பிலும் அதே ரோஸ் துணி. அதே சப்பரத் துணி. ரொசாரியும் வாங்கித் தைத்திருக்கிறாள். புதுத் தையல், உப்புகூட ஏறவில்லை.

இரண்டு கொடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். விடியாத நேரத்தில் யார் பார்த்தாலும் மாறிப்போகும். கண் நல்ல கண்ணாக இருந்தாலும் மாறிப்போகும்.

இதைத் தலைவரிடம் சொன்னால் அன்றைக்கே களவாணிப் பெயர் போய்விடும். அன்றைக்கே கடலுக்கும் போய்விடுவார்.

யாரிடமும் சொல்லவில்லை. தவக்காலத்தில் பேச்சைக் குறைக்கச் சொல்லி சாமியார் பிரசங்கத்தில் சொன்னார்.

மார்ச் 12, செவ்வாய்

தண்ணீர்க் குழாயில் வரிசை. நான் போய் நின்றதும் பேச்சு நின்றது. பிறகு ஒருத்தி, “கொடத்தப் பாத்து வைங்கட்டி, மாறிப்போயிரப் போவுது” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று தெரியவில்லை.

பிலோமி பரீட்சை எழுதி வந்து புத்தகப்பையைச் சுவரில் எறிந்தாள். “அப்பா களவாண்டாரான்னு கேக்காளுவ. நான் என்ன சொல்ல?”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்குகிறவர் மூச்சு அப்படி இருக்காது.

மார்ச் 15, வெள்ளி

பாவசங்கீர்த்தனம் செய்தேன். வீட்டில் சீட்டில் எழுதிக்கொண்டு போன பாவங்கள் ஏழு. சாமியாரிடம் சொன்னவை ஆறு.

மார்ச் 17, ஞாயிறு

பிலோமிதான் சொல்லிவிட்டாள். வலைக்கொட்டகைப் பக்கம் போயிருக்கிறாள். வந்து மூச்சு வாங்க, “ப்பா, சித்தி வீட்டுக் கொடியும் நம்ம கொடியும் ஒரே துணிப்பா! நீங்க மாத்தி எடுத்துட்டியதான? சொல்லுங்கப்பா!” என்றாள்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். பிலோமியை வெளியே போகச் சொன்னார்.

“நீ பாத்தியாளா?”

“பாத்தேன்.”

“எப்ப?”

“போன சனிக்கெழம.”

விரல் மடக்கி எண்ணினார். பிறகு, “எட்டு நாளு. என்னைக் களவாணின்னு எட்டு நாளு விட்டு வச்சிருக்க” என்றார்.

“நீங்களே ஒத்துக்கிட்டியள. நான் என்ன செய்ய?”

“நான் ஒத்துக்கிடாம? தெரியலன்னு சொன்னா, ஏன் தெரியலம்பான். அதுக்கு என்ன சொல்லச் சொல்லுத?”

நான் வலது கையைத் தூக்கினேன். “இது எத்தன வெரல்?”

அவர் பார்க்கவேயில்லை. தலையைக் குனிந்துகொண்டார். தீபாவளிக்கே இடதுகண் போய்விட்டதாம். வலதில் ஈரக் கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரி ஏதோ தெரிகிறதாம். வெயில் வந்தால் அதுவும் இல்லை. கஸ்மீர் கண்டுபிடித்துவிடுவார் என்றுதான் பிரிந்திருக்கிறார். “அவன் என்னைக் கரையில ஒக்காத்தி வச்சிச் சோறு போடுவாம்ளா. போடுவான். அதான் பயமே” என்றார்.

“அப்ப எப்படிக் கர சேந்திய? இத்தன நாளும்?”

“நீதான் நின்னியே.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது என்று எழுத ஆசை. ஆனால் காய்ச்சலில் கிடந்த அன்றைக்கே விளங்கியிருக்க வேண்டும். மாதாவுக்கு என்று நினைத்து மூன்று வாரம் கத்தினேன். இவர் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு கரை ஏறியிருக்கிறார். ஒரு தும்மல் வந்து நான் நிறுத்தியிருந்தால் கல்லில் மோதியிருப்பார்.

“அடுத்த ஞாயித்துக்கெழம திரும்ப ஊர்க்கூட்டம் வச்சிருக்கானுவ. துணி மாறிட்டுன்னு நீ போய்ச் சொல்லு. பொய் இல்லையே. நெசந்தான. திங்கக்கெழம நான் எறங்கிருவேன். நீ வந்து நில்லு, போதும். கடல்ல எனக்குக் கண்ணு வேண்டாம்ளா.”

“ஆஸ்பத்திரிக்கு ஒருவாட்டி வாங்க. காட்டிட்டு வந்துருவோம்.”

“காட்டுனா ஊருக்குத் தெரியும். அதுக்கு நான் களவாணியாவே இருந்துட்டுப் போறேன்.”

இரண்டு பேரும் அழவில்லை. சோறு ஆறிப்போய்விட்டது.

மார்ச் 19, செவ்வாய். சூசையப்பர் திருநாள்

காலைப் பூசையிலிருந்து வந்தபோது அவர் படுக்கையில் இல்லை. கரைக்கு ஓடினேன். தனியாக நடந்து போயிருக்கிறார். வள்ளங்கள் வரிசையாக ஏற்றி வைத்திருக்கிற இடத்தில், ஒவ்வொன்றின் முனையையும் தடவிக்கொண்டே வந்திருக்கிறார். எங்கள் வள்ளத்தைத் தேடியிருக்கிறார். நான் போகும்போது வேறொருவர் வள்ளத்தின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றார். சுற்றி நாலைந்து பேர்.

“வல முடிஞ்சிது, அடுத்தது வள்ளமா மாமா?”

“இன்ஜின் வச்ச வள்ளமாப் பாத்து எடும்வே, துடுப்பு வலிக்க வேண்டாம்!”

அவர் வள்ளத்திலிருந்து கையை எடுத்தார். சத்தம் வந்த பக்கம் பார்த்துச் சிரிக்க முயற்சி செய்தார். முகம் கொஞ்சம் தள்ளி, ஆள் இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கூட்டத்துக்குப் பின்னால் கஸ்மீர் நின்றார். சிரிக்கவில்லை. அண்ணனின் முகத்தையே பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வருகிற வழியில் என் கையை அவர் உதறவில்லை.

மார்ச் 20, புதன்

இன்று ஒன்றும் எழுத இல்லை. ஜெபம் வாயில் வரவில்லை. வாயைத் திறந்தால் அந்தக் கல்லின் மேல் நிற்கிற மாதிரி இருக்கிறது.

மார்ச் 21, வியாழன்

கீழே உள்ளதை வேறு தாளில் எழுதி ரொசாரி கையில் கொடுத்துவிட்டேன். இது என் நகல்.

கொழுந்தன் கஸ்மீருக்கு மைனி செசீலி எழுதுவது. இதை நீங்களே படியுங்கள். சத்தமாகப் படிக்க வேண்டாம்.

உங்கள் அண்ணன் திருடவில்லை. அவருக்குக் கண் தெரியவில்லை. இடதுகண் முழுசாகப் போய்விட்டது. வலதுகண் போய்க்கொண்டிருக்கிறது. செவ்வாய்க்கிழமை கரையில் உங்களுக்கும் பாதி விளங்கியிருக்கும். உங்களோடு பிரிந்தது இதற்காகத்தான். நீங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வலையை நாங்கள் மணலில் வைத்துக் கழற்றும்போதே அது எங்கள் கயிறு இல்லை என்று எனக்குத் தெரிந்தது. வாய் திறந்தால், கண் தெரியவில்லையா என்று ஊர் நடுவே அவரைக் கேட்ட மாதிரி ஆகிவிடும் என்று பேசாமல் இருந்தேன். உங்கள் கொடியும் எங்கள் கொடியும் ஒரே துணி என்று ஒன்பதாம் தேதியே பார்த்தேன். அதையும் மறைத்தேன். அவர் திருடனாக வீட்டில் உயிரோடு கிடக்கட்டும் என்று நினைத்தேன். இந்தப் பாவத்தைச் சாமியாரிடம்கூடச் சொல்லவில்லை. முதலில் உங்களிடம்தான் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை குருத்தோலைப் பூசை முடிந்ததும் கூட்டம். துணி மாறிவிட்டது என்று என்னைச் சொல்லச் சொல்கிறார். சொன்னால் பெயர் மீளும். திங்கட்கிழமை தனியாகக் கடலில் இறங்குவார். கொண்டல் நாளுக்கு நாள் ஏறுகிறது. அந்தக் காற்றில் என் சத்தம் எட்டாது. கண்ணைப் பற்றிச் சொன்னால் உயிர் மீளும். ஆனால் அன்றைக்கே அவருக்குக் கடல் இல்லை. அதை என் வாயாலேயே ஊர் முன்னால் சொன்னேன் என்று சாகும்வரை என்னிடம் பேசமாட்டார்.

நான் கேட்பது இது. அவரை உங்கள் படகில் திரும்பவும் ஏற்றிக்கொள்வீர்களா? இரக்கப்பட்டு உட்கார வைக்க வேண்டாம். வலை இழுக்கவும் மீன் கழற்றவும் அவருக்குக் கண் வேண்டியதில்லை, விரல் போதும். அதை நான் என் கண்ணால் பார்த்தேன். நீங்கள் ஏற்றிக்கொள்வதாக இருந்தால், கூட்டத்தில் நான் துணியைப் பற்றி மட்டும் சொல்வேன். நீங்கள் எழுந்து, என் அண்ணன் என்னோடு வரட்டும் என்று மட்டும் சொன்னால் போதும். அடுத்த வாரம் டவுனில் கண் ஆஸ்பத்திரிக்கு நீங்கள் கூப்பிட்டால் வருவார். நான் கூப்பிட்டு வரவில்லை.

ஏற்றிக்கொள்ள மாட்டீர்கள் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கோபிக்க மாட்டேன். அப்படியானால் கண்ணைப் பற்றி நானே எழுந்து சொல்லிவிடுவேன். எது என்று தெரியாமல் அந்த முற்றத்தில் போய் நிற்க என்னால் முடியாது.

சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் சொல்லுங்கள். ரொசாரியிடம் சொல்லி அனுப்பினாலும் போதும்.